புதுப்பிப்பு: அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு வந்த குழப்பம்

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் 78 வயது அம்மாவுக்கு மறுநாள் இரவே ஏற்பட்ட மனக்குழப்பத்துக்கு மயக்க மருந்துதான் காரணமா என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். அன்று அவர் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்க முயன்றபடி, என்றோ இறந்துபோன தம் அக்காவுக்குச் சோறு போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது டெலிரியம், அதாவது திடீரென ஏற்படும் கடும் மனக்குழப்பம் என்று முதியோர் நல மருத்துவர் உறுதிசெய்தார். முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் ஊசி போட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று நான் என்னையே நொந்துகொண்டிருந்தேன். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், இரு முறைகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம் வந்திருக்கிறது. வலி, அறுவையால் எழும் அழற்சி, தூக்கமின்மை, நீரிழப்பு, சில தூக்க மருந்துகள் ஆகியவை சேர்ந்தும் முதிய மூளையைத் தடுமாற வைக்கக்கூடும்.

அறுவை அரங்குக்குள் போகுமுன் கழற்றிய அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் இரண்டு நாள் என் கைப்பையிலேயே கிடந்தன என்பதை எண்ணும்போதுதான் மனம் வலிக்கிறது. அவற்றை அணிவித்து, பகலில் சன்னல் திரையை விலக்கி, அருகிலேயே இருந்து பேச்சுக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இருந்தாலும் பால் கணக்கு எழுதும்போது இன்னும் தடுமாறுகிறார். 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பெரிய அறுவைக்குப் பின் 60 வயதைக் கடந்தோரிடம் ஒரு வாரத்தில் 25.8 விழுக்காடாக இருந்த அறிவாற்றல் குறைபாடு மூன்று மாதத்தில் 9.9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆகவே மூன்றாம் மாத முடிவில் நினைவாற்றல் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம்.