இரவு வண்டியில் உறக்கம் பிடிப்பதில்லை: எந்தப் படுக்கையைத் தேர்ந்தெடுப்பது?

கரிசல்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. வேலை சென்னையில், குடும்பம் கோவில்பட்டியில். மாதம் இருமுறை வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் நெல்லை விரைவு வண்டியிலோ முத்துநகர் விரைவு வண்டியிலோ ஏறி ஊருக்குப் போய், ஞாயிறு இரவு புறப்பட்டு, திங்கள் காலை நேரே அலுவலகம் செல்கிறேன். ஆறு ஆண்டுகளாக இப்படி அலைந்தும் வண்டித் தூக்கம் எனக்குப் பழகவில்லை. திரும்பி வரும்போதாவது எப்படியோ கண் அயர்ந்துவிடுகிறது. போகும்போது திருச்சி தாண்டுவதற்குள் நாலைந்து முறை விழித்துவிடுகிறேன். மதுரையில் தேநீர் விற்பவரின் குரல் காதில் விழுந்தால் அத்தோடு தூக்கம் போயிற்று. சனிக்கிழமை பிள்ளைகளோடு பேச உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. வீட்டில் இருப்பதே இரண்டு நாள், அதில் ஒரு நாளைத் தூங்கிக் கழிக்கிறேனே என்று மனைவிக்கு வருத்தம்.

இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில்தான் செல்கிறேன், கிடைத்த படுக்கையில் படுக்கிறேன். கழுத்துத் தலையணை, கண்மறைப்பு, காதுக்குப் பஞ்சு என்று எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. பயணச்சீட்டு கிடைக்காத வாரங்களில் கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் போவதும் உண்டு, அதில் நிலைமை இன்னும் மோசம். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வூதியர்:

அன்புள்ள தம்பிக்கு, ரயில் பெட்டிப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் பொருள்களுக்குச் செலவழித்த கவனத்தைப் படுக்கை எண்ணுக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஐ.சி.எஃப். எனப்படும் பழைய வடிவமைப்பு ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள், எட்டெட்டாக ஒன்பது தடுப்புகள். ஒவ்வொரு எட்டிலும் முதலாவதும் நான்காவதும் கீழ்ப்படுக்கை, இரண்டும் ஐந்தும் நடு, மூன்றும் ஆறும் மேல், ஏழு பக்கவாட்டுக் கீழ், எட்டு பக்கவாட்டு மேல். பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதிகள் இரண்டும் இரு முனைகளுக்கு அடியில் இருப்பதால், தண்டவாள இணைப்புகளிலும் பாதை மாறும் இடங்களிலும் ஏற்படும் அதிர்ச்சி 1 முதல் 8 வரையும் 65 முதல் 72 வரையும் உள்ள படுக்கைகளில்தான் மிகுதியாகத் தெரியும். கழிப்பறைக் கதவு அடிபடும் ஓசையும், இரவு முழுவதும் ஏறி இறங்குவோரின் பேச்சும் அந்த இரு முனைகளுக்கே உரியவை. ஆகவே 33 முதல் 40 வரை கிடைத்தால் அதுதான் பெட்டியிலேயே அமைதியான இடம். 80 படுக்கை கொண்ட, எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் பெட்டியானால் 33 முதல் 48 வரை என்று கொள்ளுங்கள். எல்.எச்.பி. பெட்டி ஓட்டத்தில் மென்மையானது, ஆனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் இணைப்பில் ஓர் இழுப்பு இழுக்கும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எண்ணைக் கேட்டு வாங்க முடியாது என்பீர்கள். உண்மைதான், கீழ், நடு, மேல் என்று விருப்பத்தை மட்டுமே குறிப்பிட முடியும். ஆனால் வண்டியில் ஏறிய பிறகு, பிரிந்துபோன குடும்பத்தார் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு வருவது நாள்தோறும் நடப்பது. அப்படிக் கேட்பவர் காட்டும் இடம் பெட்டியின் நடுப்பகுதியாக இருந்தால் தயங்காமல் சம்மதியுங்கள்.

உங்கள் வயதுக்கு மேல்படுக்கை ஏறுவது கடினமில்லை என்றால் அதையே கேளுங்கள். கீழ்ப்படுக்கைக்காரர் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம் என்பது விதி. மேல்படுக்கைக்காரர் மட்டும் ஏறியதும் படுத்துவிடலாம். கோடையில் கூரையின் வெப்பம் இறங்கும் என்பது அதன் குறை. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை என்பது இரண்டு இருக்கைகளை மடக்கிச் சேர்த்த பலகையாதலால் இடுப்புக்கு நேராக ஒரு பிளவு உறுத்தும். ஒரு போர்வையை நான்காக மடித்து அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் முதுகு தப்பிக்கும். ஆர்.ஏ.சி., அதாவது முழுப் படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் தரும் சீட்டு, கிடைத்தால் அந்தப் பலகையையும் இருவர் பகிர வேண்டும், அன்று உறக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மாட்டுத்தாவணிப் பயணி:

ரயிலைப் பற்றி ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். பேருந்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் திட்டமிட்டுப் பயணம் செய்யும் வேலை எனக்கு வாய்க்கவில்லை. ரயிலில் 60 நாள்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது, எனக்கோ வியாழக்கிழமை மாலைதான் விடுப்பு உண்டா என்று தெரியவரும்.

படுக்கை வசதிப் பேருந்தில் ஒருபுறம் இரட்டைப் படுக்கையும் மறுபுறம் ஒற்றைப் படுக்கையும் இருக்கும். தனியாகச் செல்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒற்றை வரிசையைப் பிடித்துக்கொள்வது நிம்மதி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட கீழ்ப்படுக்கை எனக்கு ஒத்துவருகிறது. மேல்படுக்கையில் வண்டி வளையும்போதெல்லாம் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதி என்பதால், பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் வேகத்தடை வரும்போது ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். கால் ஓட்டுநர் பக்கமும் தலை பின்பக்கமும் இருக்குமாறு படுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் உடல் முன்னால் நழுவும், அப்போது தடுப்பில் முட்டுவது காலாக இருக்கட்டும். படுக்குமுன் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று ஒருமுறை பார்த்துவைப்பது என் வழக்கம்.

பேருந்தில் உறக்கத்தைக் கெடுப்பது சாலையைவிட வயிறும் தாகமும்தான். கழிப்பறை கிடையாது, நள்ளிரவில் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஏதாவது ஓர் உணவகத்தில் கால் மணி நேரம் நிறுத்துவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் பாட்டு அலறும். ஒருமுறை அரைத் தூக்கத்தில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது வீட்டிலேயே மிளகாய்ப்பொடி தடவிய நான்கு இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். வண்டி நின்றால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கழிப்பறைக்கு மட்டும் போய்வருவேன். குளிர்சாதனப் பேருந்தானால் தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தை மூடிவிட்டு, காதை மறைத்து ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

காற்றடைக்கும் தலையணையை முக்கால் பங்கு மட்டுமே ஊத வேண்டும். முழுக்க ஊதினால் பந்தின்மேல் தலை வைத்ததுபோல் கழுத்து வழுக்கும். கழுத்துத் தலையணை உட்கார்ந்து தூங்குபவர்களுக்கு உரியது. கால்நீட்டிப் படுப்பவர் அதை வைத்துக்கொண்டால் வலிதான் மிஞ்சும்.

இரவுப்பணிச் செவிலி:

எல்லோரும் படுக்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேள்வி கேட்டவர் எழுதியதிலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. திரும்பும்போது கண் அயர்ந்துவிடுகிறது, போகும்போது மட்டும் விழிப்பு என்கிறீர்கள். அதே வண்டி, அதே வகுப்பு. வேறுபாடு ஒன்றுதான்: எழும்பூரில் வண்டி முடிந்துவிடும், தூங்கிப்போனாலும் யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள். கோவில்பட்டியிலோ விடியற்காலையில் ஓரிரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடும். இறங்காமல் போய்விடுவோமோ என்ற பயத்தில்தான் நீங்கள் ஒவ்வொரு நிலையத்திலும் விழிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானே பல ஆண்டுகள் இப்படி விழித்திருந்தவள்.

இதற்குச் செய்ய வேண்டியது, விழிக்கும் பொறுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுவது. 139 என்ற ரயில்வே எண்ணில் பயணச்சீட்டிலுள்ள பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால், இறங்கும் நிலையம் வருவதற்குச் சற்று முன்பு அழைத்து எழுப்பும் வசதி இருக்கிறது. அதையும் முழுதாக நம்பாமல், வண்டி விருதுநகரை அடையும் நேரத்துக்குக் கைப்பேசியில் ஒரு மணியொலியும், வீட்டிலிருந்து ஓர் அழைப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அதிர்வில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவில்லை. கொண்டுபோகும் பயணப்பெட்டியைக் கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால், அதைப் பற்றிய கவலையும் தீரும்.

தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வேண்டாம். வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரைகள் பலவும் மயக்கத்தைத் தருபவைதான். அந்த மயக்கம் மறுநாள் காலையிலும் தொடரும், மேல்படுக்கையிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறும். அதைவிட, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் காபியை நிறுத்திப் பாருங்கள்.

ஓய்வூதியர்:

அம்மா சொன்னது என் புத்திக்கு எட்டவில்லை. பெட்டியையே பார்த்துப் பழகியவனுக்குப் படுத்திருப்பவரின் மனம் கண்ணில் படவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இரவு 10 மணிக்கு மேல், ஏற்கெனவே பயணம் தொடங்கியவர்களை எழுப்பிச் சீட்டுச் சோதிக்கக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. அதனால் பரிசோதகர் வருவாரே என்று விழித்திருக்க வேண்டியதில்லை.

கரிசல்மண்:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு அமைந்தது எல்.எச்.பி. பெட்டியில் 46, நடுப்பகுதி மேல்படுக்கை. 139-இல் பதிவு செய்துவிட்டு, மனைவியையும் விடியற்காலை அழைக்கச் சொன்னேன். செவிலி அம்மா சொன்னது அப்படியே உண்மை. "நான் கூப்பிடுறேன், நீங்க பேசாமத் தூங்குங்க" என்று அவள் சொன்ன பிறகு, விழுப்புரம் வந்தது எனக்குத் தெரியாது. திருச்சியில் ஒருமுறை புரண்டு படுத்தேன். அடுத்துக் கண் திறந்தது அவள் அழைத்தபோதுதான், வண்டி சாத்தூரில் நின்றிருந்தது. 139-இலிருந்து அழைப்பு அதற்குப் பிறகு வந்தது.

வரும் வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்திருப்பது பழைய பெட்டியில் 72. கழிப்பறையை ஒட்டிய பக்கவாட்டு மேல்படுக்கை. என் உயரமோ ஐந்தடி பத்தங்குலம். இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டு எந்தக் குடும்பமாவது வருகிறதா என்று பார்த்திருக்கிறேன்.