அறிதல்சார் உளவியல்: மனத்தைக் கணினியோடு ஒப்பிடுவது நிறையா, குறையா?

கேள்வி (கோத்தகிரி மாணவி):
அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். தகவலை உள்வாங்கிச் சேமித்து வெளியிடும் கணினியோடு மனத்தை ஒப்பிடுவதே அறிதல்சார் அணுகுமுறையின் பலம் என்று பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்கிறது. அடுத்த பக்கத்தில் அதையே குறை என்கிறது. என் அம்மா முப்பது ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். பக்கத்து நிரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிவிடுகிறார். இதை இந்த அணுகுமுறையால் விளக்க முடியுமா?

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
ஒரு பகுதியை நன்றாகவே விளக்கும், அம்மா. பயிற்சியால் தானியங்கியாகிவிட்ட செயலுக்குக் கவனம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது என்று ஷ்னைடர், ஷிஃப்ரின் என்ற உளவியலாளர்கள் 1977-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். மிச்சமாகும் கவனம் பேச்சுக்குப் போகிறது. வெளியிலிருந்து வரும் தூண்டலையும் அதற்கு நாம் காட்டும் துலங்கலையும் மட்டுமே பார்த்த நடத்தைவாதம் என்ற முந்தைய அணுகுமுறை, இரண்டுக்கும் நடுவே நடப்பதை ஆராய மறுத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த நடுப்பகுதியை அளக்க வழி கண்டதுதான் இந்த அணுகுமுறையின் பெரிய பலம் என்பேன்.

அப்படி அளந்ததற்கு எடுத்துக்காட்டாக, லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் 1974-இல் செய்த சோதனையைப் பாருங்கள். விபத்துக் காட்சிகளைப் பார்த்த 45 மாணவர்களிடம் கார்களின் வேகம் கேட்கப்பட்டது. 'மோதி நொறுங்கியபோது' என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். நம் மலைப்பாதை வளைவில் விபத்து நடந்தால், "எவ்வளவு வேகத்தில் வந்து இடித்தான்?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? அந்தக் கேள்விக்குள்ளேயே வேகம் இருக்கிறது.

பதில் 2 (உதகை, மனநல ஆலோசகர்):
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குறையும் அதே சோதனையில்தான் இருக்கிறது. அம்மாணவர்கள் அறைக்குள் அமர்ந்து படம் பார்த்தவர்கள்; அவர்களுக்கு அச்சமோ இழப்போ இல்லை. கனடாவில் உண்மையான துப்பாக்கிச் சூட்டைக் கண்ட 13 பேரை நான்கைந்து மாதங்களுக்குப் பின் யூலும் கட்ஷாலும் விசாரித்தபோது, திசைதிருப்பும் கேள்விகளுக்கு அவர்கள் எளிதில் இணங்கவில்லை என்று 1986-இல் எழுதினார்கள். 1967-இல் இத்துறைக்குப் பெயர் தந்த நூலை எழுதிய நைசரே, 1976-இல் ஆய்வகத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் உள்ள இடைவெளியைக் கடுமையாக விமர்சித்தார்.

கணினி குளிரில் நடுங்குவதில்லை, கூலியை நினைத்துக் கலங்குவதுமில்லை. பிழையான எண்ணங்களைக் கண்டு திருத்த உதவும், மனநல மருத்துவர் பெக் உருவாக்கிய அறிதல்சார் சிகிச்சை மனச்சோர்வில் பலருக்குப் பயன்படுவதை நானே பார்த்து வருகிறேன். இருந்தாலும், "பச்சைத் தேயிலை விலை இப்படியே போனால் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது" என்று ஒருவர் என் முன்னால் அமர்ந்து அழும்போது, அந்த எண்ணம் பிழையானது என்று என்னால் சொல்ல இயலவில்லை. எண்ணத்தை மட்டும் திருத்தப் புறப்படும் முறை, எண்ணத்துக்குக் காரணமான சூழலைக் காணத் தவறிவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்க் கவனித்தேன். முற்றிய இலை விரலில் பட்ட கணமே அவர் பேச்சு நின்று, பிறகு தொடர்கிறது. கேட்டால், "நான் எங்கே நிறுத்தினேன்? நிறுத்தவே இல்லையே!" என்கிறார்.

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
அவர் சொல்வதையும் நீங்கள் பார்த்ததையும் தனித்தனியே எழுதி வையுங்கள், அம்மா. மழை நாளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.