எங்கள் கடுவன் பூனைக்கு எங்கோ நோகிறது, எங்கே என்று தெரியவில்லை

கல்லடியில் இருக்கிறோம். சூடை மீன் கழுவுகிற சத்தம் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடி வருகிற எங்கள் கடுவன், இரண்டு நாளாகக் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கிறான், மீனை முன்னால் வைத்தாலும் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கத்தவே இல்லை. பூனை நோவை ஒளிக்கும், அதுதான் பயமாக இருக்கிறது.

2019இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட, பூனையின் முகத்தைப் பார்த்து நோவை அளக்கிற அளவுகோலை வைத்துப் பார்த்தேன். காது, கண், வாய்ப்பக்கம், மீசை, தலை ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, 10க்கு 4 வந்தால் நோ மருந்து யோசிக்க வேண்டும். காது பக்கவாட்டில் விரிந்து, கண் பாதி மூடி, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறது. எனக்கு 5 வருகிறது. விழித்திருக்கும்போதுதான் பார்த்தேன்.

சிறுநீர் போகிறான், அது அடைபட்டால் ஒரு மணிநேரமும் பொறுக்கக் கூடாது என்பதால் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா பனடோல் பாதி கொடுப்போமா என்றார், விடவில்லை, பூனைக்கு அது நஞ்சு.

பல் நோவா, வயிறா என்று வீட்டில் எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? மட்டக்களப்புப் பக்கம் ஞாயிறும் பார்க்கிற மிருக வைத்தியர் இருந்தால் சொல்லுங்கள், அண்ணாமார், அக்காமார்.