ஒரே குக்கர்ல பீஃப் + உருளை: உருளை கரைஞ்சி போச்சு, கறி வேகவே இல்ல. ஹெல்ப் ப்ளீஸ்

கத்துக்குட்டி_பேச்சுலர்:

வணக்கம் மக்களே. பெருங்குடில மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்து தங்கியிருக்கோம், முன்னாடி இருந்த வீட்ல முட்டை கூட கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க, இந்த ஓனர் எதுவும் கண்டுக்கல அதனால இப்பதான் கறி சமைக்க ஆரம்பிச்சிருக்கேன். என்கிட்ட இருக்கறது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு 3 லிட்டர் குக்கர், அவ்ளோதான். மிக்ஸி இல்ல.

ஒரு அமெரிக்காகாரர் வீடியோ பாத்தேன், பீஃப் ஸ்டூ. ஒரே பாத்திரத்துல கறிய செவக்க வறுத்துட்டு வெங்காயம் கேரட் உருளை எல்லாம் போட்டு மூடி வெச்சா ஒன்றரை மணி நேரத்துல பஞ்சு மாதிரி வருது. சரி நம்மகிட்ட குக்கர் இருக்கே இன்னும் சீக்கிரம் வேலை முடியுமேன்னு அரை கிலோ பீஃப், மூணு உருளை, வெங்காயம், தக்காளி, மிளகாத்தூள், மல்லித்தூள் எல்லாத்தையும் மொத்தமா போட்டு 6 விசில் விட்டேன். திறந்து பாத்தா உருளையக் காணோம்!! குழம்புல கரைஞ்சி கஞ்சி மாதிரி கெடக்கு. கறிய வாயில போட்டா ரப்பர். ஓவரா வெந்து ரப்பராயிடுச்சு போலன்னு அதோட நிறுத்திட்டேன். ரூம்மேட் ஒருத்தன் முழுசா முழுங்கினான், இன்னொருத்தன் துப்பிட்டான்.

எங்க தப்பு? கடைக்காரர் கிழட்டு மாட்ட குடுத்து ஏமாத்திட்டாரா? வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி ட்ரை பண்ணனும், ஸ்டெப்பா சொன்னா புண்ணியமா போகும்.

டீக்கட_பெஞ்சு:

6 விசில்ல வேகறதுக்கு அது என்ன பருப்பா ப்ரோ 😂 முழுசா முழுங்கின நண்பருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

வியாசர்பாடி_அக்கா:

தம்பி சிரிக்கிறவங்கள விடு. நான் சொல்றத கேளு, எங்க வீட்ல வாரம் தவறாம பீஃப்தான், எங்க ஆயா காலத்துல வெறகடுப்புல மண்சட்டில வெச்சி காலைல ஏத்துனா சர்ச்சு முடிஞ்சி வரும்போதுதான் எறக்குவாங்க. அப்ப புரிஞ்சிக்கோ அதுக்கு எவ்ளோ நேரம் வேணும்னு.

நீ பண்ண மொத தப்பு ரப்பர் ஆனதும் நிறுத்தினது. அது ஓவரா வேகல, பாதிதான் வெந்துருக்கு. மாட்டுக்கறி அப்டிதான், சூடு பட்டதும் மொதல்ல சுருங்கி கெட்டியாயிடும், அந்த நேரத்துல எடுத்து கடிச்சி பாத்தா செருப்பு மாதிரிதான் இருக்கும், பயந்துராம இன்னும் விடணும், விட்டா தானா எளகி வரும். அன்னிக்கு நீ இன்னொரு இருவது நிமிஷம் வெச்சிருந்தா அந்தத் தம்பி துப்பிருக்க மாட்டான்.

ரெண்டாவது, உருளையும் கறியும் ஒண்ணா போட்டது. ஒரே பாத்திரம்னா ஒரே நேரத்துல போடணும்னு யாரு சொன்னா? கறி தனியா மொதல்ல வேகட்டும், அதுக்கப்புறம் அதே குக்கர தொறந்து உருளைய போடு. பாத்திரம் ஒண்ணுதான, கழுவறதும் ஒண்ணுதான்.

மூணாவது, கடைல என்ன கறின்னு சொல்லி வாங்குன? "அரை கிலோ போடுங்கண்ணா"ன்னு சொன்னா அவரு எது முன்னாடி இருக்கோ அத வெட்டி போடுவாரு, அது ஏமாத்தறது இல்ல. "குழம்புக்கு, ஜவ்வும் கொஞ்சம் கொழுப்பும் இருக்கட்டும், நல்லி ஒரு துண்டு போடுங்க"ன்னு கேளு. கால் பக்கம், கழுத்து, நெஞ்சு இதெல்லாம் குழம்புக்கு நல்லா இருக்கும். வெறும் செவப்பு கறியா பாக்க அழகா இருக்கறது வறுவலுக்கு பொடிசா நறுக்கினா ஓகே, குழம்புல நார் நாரா வரும்.

மார்க்கெட்_மாணிக்கம்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் ஏன்னு மட்டும் சொல்றேன். ஜவ்வுல இருக்கறது கொலாஜன். 60 டிகிரி தாண்டும்போது அது சுருங்கி கறில இருக்கற தண்ணிய பிழிஞ்சி வெளிய தள்ளும், அதான் உங்க ரப்பர். அதுக்கு மேல 70, 80ன்னு சூட்டுலயே ரொம்ப நேரம் இருந்தா அதே கொலாஜன் ஜெலட்டினா கரைஞ்சிடும், குழம்பு உதட்டுல ஒட்டற மாதிரி வருமே அது இதுதான். சாதா பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, குக்கருக்குள்ள சுமார் 120 வரைக்கும் போகும், அதனாலதான் நேரம் மிச்சம். ஆனா அதே 120ல உருளை அரை மணி நேரம் இருந்தா என்ன ஆகும்? நீங்களே பாத்துட்டீங்க.

அந்த வீடியோ பத்தி ஒண்ணு. அங்க கறிக்குன்னே வளர்க்கற மாடு, பெரும்பாலும் ரெண்டு வயசு, ரெண்டரை வயசுக்குள்ள அறுத்துடுவாங்க. நம்ம தமிழ்நாட்டுல 1958லேர்ந்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 10 வயசு தாண்டி வேலைக்கோ இனப்பெருக்கத்துக்கோ உதவாதுன்னோ, இல்ல காயம், தீராத நோயால நிரந்தரமா முடங்கிடுச்சுன்னோ சான்று இருந்தாதான் அறுக்கலாம்ங்கறது அதுல இருக்கற விதி. அதாவது பெரும்பாலும் உழுது வண்டி இழுத்து முடிச்ச மாடு. வயசான மாட்டுக்கு ஜவ்வு இன்னும் இறுகியிருக்கும். அதனால கிழட்டு மாடுன்னு கடைக்காரர் மேல கோச்சிக்காதீங்க, இங்க கணக்கே அதான். வெளிநாட்டு ரெசிபில ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்தா நம்ம கறிக்கு அத அப்டியே எடுத்துக்க முடியாது. டேஸ்ட் மட்டும் நம்மளுதுதான் ஜாஸ்தி, அது தனி விவாதம்.

கத்துக்குட்டி_பேச்சுலர்:

அய்யோ அப்ப அன்னிக்கு இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வெந்திருக்குமா 🤦 தூக்கி கொட்டிட்டேனே.

சரி ரெண்டு டவுட்டு. எத்தன விசில்னு ஒரு நம்பர் சொல்லுங்க. அப்புறம் ரூம்மேட் சொல்றான் பப்பாளிக்காய் அரைச்சு போட்டா உடனே வெந்துடும், சோடா உப்பு போட்டாலும் வெந்துடும்னு. போடலாமா?

வியாசர்பாடி_அக்கா:

சோடா உப்பெல்லாம் வேணாம் தம்பி, வாய்க்கு ஒரு மாதிரி வழவழன்னு இருக்கும். பப்பாளிக்காய் எங்க பக்கத்து வீட்டு பாய் அம்மா போடுவாங்க, கபாபுக்கு. குழம்புக்கு எதுக்கு? மேல மட்டும் மாவு மாதிரி ஆயிடும்.

விசில் கணக்கு வெச்சி ஏமாறாத. தீ ஜாஸ்தி இருந்தா பத்து நிமிஷத்துல 8 விசில் வரும், கம்மியா இருந்தா அரை மணி நேரத்துல மூணு வரும், ரெண்டும் ஒண்ணா? மொத விசில் வந்ததும் சிம்ல வெச்சி கடிகாரத்த பாரு. 30 நிமிஷம். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு ப்ரெஷர் தானா எறங்கட்டும், பைப்புல தண்ணி ஊத்தி அவசரப்படாத. தொறந்து ஒரு துண்ட எடுத்து ரெண்டு விரல்ல அமுக்கி பாரு, பிஞ்சி வந்துச்சின்னா சரி. வரலன்னா இன்னும் பத்து நிமிஷம்.

தக்கலைக்காரன்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல பீஃப் இல்லாத கல்யாண வீட்டு சாப்பாடு ரொம்ப பேருக்கு சாப்பாடே இல்ல பாத்துக்கிடுங்க 😄 தக்காளி எதுக்குங்க இதுல? நாங்க தக்காளி போடவே மாட்டோம். சின்ன உள்ளி நெறைய, இஞ்சி பூண்டு, மல்லிப்பொடி, நல்லமிளகு (குறுமிளகு) கூடுதலா, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, அப்புறம் தேங்காய பல்லு பல்லா கீறி போடணும், எல்லாம் தேங்காண்ணெயில. தேங்காய்க்கொத்து கறியோட சேர்ந்து வெந்து வரும்போது ஒரு ருசி இருக்கு, அத தின்னு பாத்தாதான் தெரியும்.

உருளை இல்லன்னா மரச்சீனிக்கிழங்கு, அதான் மரவள்ளி. எங்க அம்மா அத தனியா வேகவச்சி தண்ணிய வடிச்சிட்டுதான் கறில தட்டுவா, வடிக்காம போடக்கூடாது கேட்டேளா, கட்டுள்ள, அதாவது விஷமுள்ள, கிழங்கும் உண்டு. ரெண்டையும் கெளறி எடுத்தா பாத்திரத்தோட முன்னாடி வச்சிகிட்டு திங்கலாம். ஆனா இவருக்கு ஒரே குக்கர்தான் இருக்குங்காரு, உருளையே போதும்.

மார்க்கெட்_மாணிக்கம்:

தக்காளி வேணும்ங்கறது என் கட்சி, ருசிக்கு மட்டும் இல்ல. புளிப்பு இருந்தா உருளைக்குள்ள செல்ல செல்லோட ஒட்டி வெச்சிருக்கற பெக்டின் சீக்கிரம் கரையாது, அதனால துண்டு துண்டா நிக்கும். புளி ஊத்தின குழம்புல உருளை வேகாம அழிச்சாட்டியம் பண்றத பாத்திருப்பீங்களே, அதே கதைதான். இவருக்கு இருக்கற பிரச்சனைக்கு ரெண்டு தக்காளி நல்லது. தக்கலை அண்ணன் வழில செய்றதா இருந்தா உருளைய பெருசா வெட்டி கடைசில போட்டா போதும்.

அப்புறம் உருளை வாங்கும்போது செம்மண் ஒட்டின ஊட்டி உருளை கெடச்சா வாங்குங்க, வெல கொஞ்சம் ஜாஸ்தி. ரொம்ப நாள் குளிர்ல கெடந்த உருளை லேசா இனிக்கும், ஸ்டார்ச் சர்க்கரையா மாறிடும், அது குழம்ப கெடுத்துடும்.

ஸ்காபரோ_அன்ரி:

தம்பி, நான் கனடாவில இருக்கிறன். எங்கட ஆக்களில கனபேர் மாடு சாப்பிடமாட்டினம், நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்) எண்டபடியால் வீட்டில சமைக்கிறனாங்கள். இஞ்சையும் இதே பிரச்சினைதான், கிழங்கு எந்தக் கிழங்கு எண்டதிலதான் விசயம் இருக்கு. ரசெட் எண்டு ஒண்டு விக்கும், அது மாக்கிழங்கு, கறியில போட்டா கரைஞ்சு போகும். யூகோன் கோல்ட் எண்டு மஞ்சள் கிழங்கு, இந்த ஒன்ராறியோவிலயே உருவாக்கினது, அது உடையாமல் நிக்கும். அங்க அந்தப் பேர் கிடையாது எண்டால் சின்னக் கிழங்கா, தோல் மெல்லிசா இருக்கிறதா பார்த்து எடும்.

நான் மசாலா கனக்கப் போடுறதில்லை, யாழ்ப்பாணத்து வறுத்த தூளும் கொஞ்ச வெந்தயமும் ரம்பை இலையும் (வாசத்துக்குப் போடுறது)தான். கடைசியில தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டு, தேசிக்காய்ப்புளி, அதான் எலுமிச்சஞ்சாறு, இறக்கின பிறகு விடுறது. சோறு வேண்டாம், பாண் (பிரெட்) தொட்டுச் சாப்பிட்டுப் பாரும்.

வியாசர்பாடி_அக்கா:

ஆளுக்கு ஒண்ணு சொல்லி பையன குழப்பிட்டீங்க 😀 தம்பி உன் 3 லிட்டர் குக்கருக்கு நான் கணக்கு சொல்றேன், மத்தவங்க சொன்னத அடுத்தடுத்த வாரம் பண்ணு.

முக்கா கிலோ கறி வாங்கு (வெந்தா சுருங்கும், மூணு பசங்களுக்கு அரை கிலோ எங்க பத்தும்). பெரிய துண்டா வெட்டி தரச் சொல்லு, சின்ன கொய்யாக்கா சைஸ் உருளை நாலு. மூணு வெங்காயம், ரெண்டு தக்காளி, இஞ்சி பூண்டு மிக்ஸி இல்லன்னா பூரிக்கட்டைல நசுக்கிக்கோ. கழுவின கறிய ஈரம் போக வடிய வெச்சிடு. எண்ணெய் காஞ்சதும் பட்டை ரெண்டு, கிராம்பு நாலு, சோம்பு ஒரு ஸ்பூன், வெங்காயம் நல்லா செவக்கட்டும், இங்கதான் எல்லாரும் அவசரப்படுவீங்க, வெங்காயம் வெள்ளையா இருக்கும்போதே தக்காளிய போட்டா குழம்பு இனிச்சி கெடக்கும். அப்புறம் நசுக்கினது, தக்காளி, மஞ்சத்தூள், மிளகாத்தூள் ரெண்டு ஸ்பூன், மல்லித்தூள் மூணு, உப்பு. கறிய போட்டு பத்து நிமிஷம் பெரட்டு, கறியே தண்ணி விடும், அந்தத் தண்ணி பாதி சுண்டற வரைக்கும். அதுக்கப்புறம் ஒன்றரை டம்ளர் சுடுதண்ணி ஊத்தி, அடில ஒட்டினத கரண்டியால சொரண்டி விட்டுடு இல்லன்னா இண்டக்‌ஷன்ல அடிபிடிச்சி நாறிடும். குக்கர் மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொம்பக்கூடாது. மூடி, ஒரு விசில், அப்புறம் 400, 500 வாட்டுல வெச்சி 30 நிமிஷம்.

தொறந்து கறி வெந்துச்சான்னு பாத்துட்டு உருளைய தோல் சீவி ரெண்டா மட்டும் வெட்டி போடு. குக்கர மூடாத, தட்ட வெச்சி மூடி 15 நிமிஷம் கொதிக்க விடு. கத்தி உள்ள எறங்கினா ஆஃப் பண்ணு. கெட்டியா வேணும்னா ஒரே ஒரு உருளைய எடுத்து மசிச்சி அதுலயே கலந்துடு, அன்னிக்கு மொத்தமும் கரைஞ்சிதே, அத வேணும்னே ஒண்ண மட்டும் பண்றோம். மேல மிளகுத்தூள், கொத்தமல்லி. சுடச்சுட எடுக்காத, ஒரு பத்து நிமிஷம் அப்டியே விடு.

கத்துக்குட்டி_பேச்சுலர்:

அப்டேட்!! பண்ணிட்டேன். கடைக்காரர்கிட்ட ஜவ்வு இருக்கட்டும்ணான்னு சொன்னதும் மேலயும் கீழயும் பாத்துட்டு "யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு கேட்டு நல்லி ரெண்டு துண்டு சும்மாவே போட்டாரு. 30 நிமிஷத்துல முழுசா வேகல, இன்னொரு 12 நிமிஷம் வெச்சேன், அக்கா சொன்ன மாதிரி விரல்ல பிஞ்சிடுச்சு. உருளை துண்டு துண்டா நின்னுது. அன்னிக்கு துப்பினவன் மூணு தடவ சோறு வாங்கினான். வெங்காயம் மட்டும் ஒரு ஓரத்துல லேசா கருகிடுச்சு, இண்டக்‌ஷன் நடுவுல மட்டும் சூடாகுது, என்ன பண்றதுன்னு தெரியல.

கீழ ஓனரம்மா மாடி ஏறி வந்து "என்னப்பா வாசன"ன்னு கேட்டாங்க, எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. ஒரு கிண்ணம் குடுன்னு வாங்கிட்டு போனாங்க 😭

கொஞ்சம் மிச்சம் இருக்கு, நாளைக்கு உருளை கெட்டு போகுமா?

வியாசர்பாடி_அக்கா:

ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒண்ணும் ஆகாது, ஆனா உருளை இன்னும் குடிச்சி குழம்பு எறுகிடும், நாளைக்கு சுடுதண்ணி அரை டம்ளர் விட்டு சிம்ல சூடு பண்ணு. மேல வெள்ளையா கொழுப்பு ஒறஞ்சிருக்கும் தூக்கி போட்டுடாத, அதுல ஒரு ஸ்பூன் எடுத்து தோசக்கல்லுல தடவி முட்ட ஊத்து.

வெங்காயத்துக்கு அடுத்த தடவ தீய கம்மி பண்ணி கெளறிட்டே இரு, ஃபோன பாக்காத. ஓனரம்மா கிண்ணத்த திருப்பி குடுக்கும்போது காலியா வருதா பாரு.

தக்கலைக்காரன்:

அடுத்த வாரம் தேங்காய்க்கொத்து போடும் தம்பி, நான் விடமாட்டேன்.