பன்னீர் ரோஜா என்று வாங்கிய செடி ஆறடி வளர்ந்தும் பூக்கவில்லை

கொள்ளிடக்கரை (ஸ்ரீரங்கம்):

அனைவருக்கும் வணக்கம். நிலக்கோட்டைக்கு அருகில் என் அம்மாச்சி வீட்டுக் கிணற்றடியில் ஒரு பன்னீர் ரோஜாப் புதர் இருந்தது. துவைக்கிற கல்லிலிருந்து வழிந்தோடும் நீர்தான் அதற்குப் பாசனம். அதற்கு யாரும் உரம் வைத்ததாகவோ மருந்து அடித்ததாகவோ எனக்கு நினைவில்லை. காலையில் ஒரு பூவைச் சூடிக்கொண்டு பள்ளிக்குப் போனால், மாலையில் இதழ்கள் பாதி உதிர்ந்த பிறகும் ரிப்பனில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நினைப்பில்தான் பதினாறு மாதங்களுக்கு முன்பு, தெருவில் வண்டியில் செடி விற்க வந்தவரிடம் பன்னீர் ரோஜா என்று கேட்டு ஒன்று வாங்கினேன். வாங்கும்போது அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் மணமுள்ள இரண்டு பூக்கள் இருந்தன. கொல்லைப்புறத்தில் பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி இடம் இருக்கிறது. அங்கே கிழக்குச் சுவரோரம் நட்டேன். முதல் ஈடு பூத்து முடிந்ததும், காணொளியில் பார்த்தபடி ஓரடி உயரம் விட்டு மீதியை வெட்டிவிட்டேன். அதன் பிறகு நான்கு தண்டுகள் நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டன; ஒரு மொட்டுகூட வரவில்லை. தொழுவுரம், எலும்புத்தூள், கடலைப் புண்ணாக்குக் கரைசல், வெங்காயத்தோல் ஊறவைத்த நீர் என்று கேள்விப்பட்ட எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

குறை மண்ணிலா, வெயிலிலா, என்னிடத்திலா என்று தெரியவில்லை. இது சரியானால் அதே சுவரோரம் இன்னும் இரண்டு மூன்று பழைய வகை மணமுள்ள ரோஜாப் புதர்களை வளர்க்கவும் விருப்பம். இணையத்தில் விற்கும் ஐரோப்பியப் பழைய ரகங்கள் நம் ஊருக்கு ஒத்துவருமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்வெட்டி (மதுரை):

அம்மா, இனி உரம் வைக்காதீர்கள். முதலில் மண்ணைச் சற்று விலக்கிவிட்டு, அந்த நான்கு தண்டுகளும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். வண்டியில் வரும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். காட்டு ரோஜாவின் வேர்க்குச்சியில் நாம் விரும்பும் ரகத்தின் மொட்டை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடம் முடிச்சுப் போலப் புடைத்திருக்கும். அந்த முடிச்சுக்கு மேலே வருவதுதான் நீங்கள் வாங்கிய ரோஜா. கீழே வருவது காட்டுச்செடியின் போத்து.

அடுத்ததாக, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் ஒட்டியிருக்கும் சிறிய செதிலைப் பாருங்கள். அதன் ஓரம் சீப்புப் பல்லைப் போலக் கிழிந்திருந்தால், அது மல்டிஃப்ளோரா என்னும் காட்டு ரோஜா. இலையில் எத்தனை சிற்றிலைகள் இருக்கின்றன என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. செதில் பொய் சொல்லாது.

கொள்ளிடக்கரை (ஸ்ரீரங்கம்):

டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தேன் ஐயா. கட்டைவிரல் பருமனில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாகூட இன்னும் அதைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. முடிச்சுக்கு மேலே நான் வெட்டிவிட்ட தண்டு கறுத்துக் காய்ந்து, நகத்தால் கீறினாலும் உள்ளே பச்சையே இல்லை. நான்கு தண்டுகளும் முடிச்சுக்கு இரண்டு விரற்கடை கீழிருந்து வருகின்றன. சிலவற்றில் ஏழும் சிலவற்றில் ஒன்பதுமாகச் சிற்றிலைகள் இருக்கின்றன. செதிலின் ஓரம் நீங்கள் சொன்னபடியே சீப்புப் போல இருக்கிறது.

ஆக, ஓராண்டுக்கு மேலாக நான் வேறு ஒரு செடிக்குப் புண்ணாக்குக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய பாத்தி (பெரியகுளம், ஓய்வுபெற்ற தோட்டக்கலை ஆசிரியர்):

மண்வெட்டி அவர்கள் சொன்னதே சரி. அந்தக் காட்டு ரோஜா ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், முந்திய ஆண்டின் தண்டிலிருந்து, வெள்ளையாகச் சிறு பூக்களைக் கொத்தாகப் பூக்கும் இனம். கவாத்து செய்துகொண்டே, அதாவது கிளைகளை வெட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பூவையும் பார்க்க முடியாது. அதைவிட, இந்த விபத்து நேர்ந்த விதத்தைப் பற்றியே அதிகம் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் நம் வீட்டுத் தோட்டங்களில் பழைய ரோஜாக்கள் பூக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கத்தரிக்கோலே காரணம்.

காணொளிகளில் காட்டுகிற ஓரடிக் கவாத்து, நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக நிற்கும் ஹைப்ரிட் டீ ரோஜாக்களுக்கானது. அந்த வகையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1867-இல் பிரான்சில் வெளிவந்த ‘லா ஃப்ரான்ஸ்’ என்னும் ரகம். அந்த ஆண்டுக்கு முன்பே வழக்கில் இருந்த இனங்களையே பழைய ரோஜாக்கள் என்று உலகெங்கும் பிரித்துச் சொல்கிறார்கள். இவை புதராக வளர்பவை. இவற்றை மொட்டையடித்தால், இழந்த உயரத்தை மீட்பதற்கே ஒரு பருவத்தைச் செலவழிக்கும். எட்வர்ட் ரோஜாவைப் பொறுத்தவரை, சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்கு மட்டும் வெட்டுவது, காய்ந்தவை, குறுக்கே ஓடுபவை, நோஞ்சானாக இருப்பவை ஆகியவற்றை அடியோடு எடுப்பது என்பதுதான் முறை. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வெட்டினால் சுமார் நாற்பத்தைந்து நாட்களில் பூ வரும். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவது அவசியம். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கும் நோய் அந்த வாயிலாகத்தான் நுழைகிறது. உங்கள் ஒட்டுத்தண்டு செத்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்வர்ட் என்ற பெயரை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. பன்னீர் ரோஜா என்பது தாவரவியல் பெயரன்று, சந்தைப் பெயர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் அத்தர் வடிக்கும் டமாஸ்க் ரோஜாவையும் அப்படி அழைக்கிறோம், மாலைக்கு உதிரிப்பூவாக வரும் எட்வர்டையும் பலர் அப்படியே அழைக்கிறார்கள். இரண்டும் உறவினர்கள்தாம். இந்தியப் பெருங்கடலில் இப்போது ரீயூனியன் என்று வழங்கும் தீவுக்கு அக்காலத்தில் பூர்போன் என்று பெயர். அங்கிருந்த குடியேறிகள் வயலுக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களை வளர்த்தார்கள்: ஆண்டில் இருமுறை பூக்கும் டமாஸ்க் ஒன்று, ஓயாமல் பூக்கும் சீன ரோஜா மற்றொன்று. அந்த வேலியில் தானாகக் கலந்து பிறந்ததே ‘ரோஸ் எதுவார்’. நம் நாட்டில் அது எட்வர்ட் ஆயிற்று. 1819-ஆம் ஆண்டளவில் தீவின் தாவரத்தோட்டப் பொறுப்பாளர் பிரேயோன் அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்ப, பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு குடும்பமே அதிலிருந்து பெருகியது.

இந்தக் கதையை நான் வெறும் சுவைக்காகச் சொல்லவில்லை. டமாஸ்கிடமிருந்து மணமும், சீன ரோஜாவிடமிருந்து வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பும் வந்து சேர்ந்திருப்பதால்தான், குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நம் சமவெளியில் எட்வர்ட் சலிக்காமல் பூக்கிறது. உங்கள் அம்மாச்சி வீட்டுப் புதர் மாதந்தோறும் பூத்ததென்றால், அது எட்வர்டாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் புதர் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் கடையை நாடாதீர்கள்.

மேகமலைப்பூ (கொடைக்கானல்):

ஐரோப்பியப் பழைய ரகங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த ஆசைக்கு ஒரு காலத்தில் நிறையப் பணம் கொடுத்தவள் நான். காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா ஆகிய இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒருமுறை பூப்பவை. அதற்கும் உறைபனியோடு கூடிய ஒரு நீண்ட உறக்கம் அவற்றுக்கு வேண்டும். எங்கள் மலையிலேயே அவை தயங்கித் தயங்கித்தான் பூக்கின்றன. ஸ்ரீரங்கத்து வெயிலில் இலையை மட்டும்தான் காட்டும். பட்டியலில் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

சீன ரோஜா, டீ ரோஜா, பூர்போன் ஆகிய மூன்று குடும்பங்களோடு நின்றுகொள்வது உங்களுக்கு நல்லது. சீன ரோஜாவில் ‘ஓல்ட் ப்ளஷ்’ மெல்லிய மணமுடையது, ஆனால் ஓயாத உழைப்பாளி. கருஞ்சிவப்பும் கனத்த மணமும் வேண்டுமென்றால் 1897-இல் வந்த ‘க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ்’ வாங்குங்கள். ஆண்டுக்கணக்குப் பார்த்தால் அது 1867-க்குப் பிந்தியதுதான், ஆயினும் அதன் உடம்பில் ஓடுவது சீன ரோஜா, பூர்போன் இரத்தமே. வட இந்தியாவில் வெயிலைத் தாங்கிப் பழகிய ரகமும்கூட. 1843-ஆம் ஆண்டின் ‘சூவனீர் த ல மால்மேசோன்’ பேரழகி. மழை பெய்தால் மட்டும் மொட்டு விரியாமல் உருண்டையாக அழுகிவிடும். ஐப்பசியில் அதைப் பார்த்து அழ வேண்டியிருக்கும்.

எங்கள் கொடைக்கானலின் ரோஜா வளர்ப்பாளர் வீரு வீரராகவன், வெப்பநாட்டு ரோஜாக்களை வெப்பநாட்டுக் காட்டினங்களிலிருந்தே உருவாக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி, மணிப்பூர் மலைகளின் ஜைகாண்டியாவையும் நீர்நிலை ஓரங்களில் வளரும் கிளினோஃபில்லாவையும் கலந்து ரகங்கள் பலவற்றை உண்டாக்கியிருக்கிறார். எங்கள் சோலைக்காட்டு ஓரங்களில் வெள்ளையாகப் படர்ந்து மணக்கும் காட்டு ரோஜா ஒன்றும் உண்டு. அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சமவெளியில் நட்டுவிடலாம் என்று வருகிறவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பூர்போன் ரோஜாவின் நீண்ட தண்டுகளை வெட்டுவதைவிட, அவற்றை வளைத்து நுனியைத் தரையருகே முளையடித்துக் கட்டிவிடுங்கள். நுனிமொட்டின் ஆதிக்கம் தளர்ந்து, கணுவுக்குக் கணு கிளை வெடித்துப் பூக்கும். ஒரு தண்டில் ஒரு கொத்துக்குப் பதிலாக ஏழெட்டுக் கொத்துகள் பார்க்கலாம்.

மண்வெட்டி (மதுரை):

தண்டை வளைப்பது நல்ல யோசனை. ஆனால் தரையில் முளையடித்துக் கட்டினால் பன்னிரண்டடிக் கொல்லையில் நடக்க வழியிருக்காது. முள் சேலையை விடாது. சுவரில் இரண்டு வரிசை கம்பி கட்டி, தண்டைப் படுக்கைவாக்கில் அதில் பிணைத்தாலும் அதே பலன்தான் கிடைக்கும். சுவருக்கும் செடிக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி விடுங்கள். சித்திரை வெயிலில் சுவரின் சூடு இலையைப் பொசுக்கும், காற்றோட்டம் இல்லாத இடத்தில் சிவப்புச் சிலந்தியும் குடியேறும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறை தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் சிலந்திக்கு வேறு மருந்து தேவைப்படாது. ஆனால் அதைக் காலையில் செய்யுங்கள். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைச் சத்துக்குறை என்று எண்ணி மேலும் உரம் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

கொள்ளிடக்கரை (ஸ்ரீரங்கம்):

உங்கள் மறுமொழிகளைப் படித்துவிட்டுச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டைக்குப் போய்வந்தேன். கிணற்றை மூடிவிட்டார்கள், துவைக்கிற கல்லும் இல்லை. புதர் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பாதி காய்ந்தும் பாதி தழைத்தும் நிற்கிறது. அடியில் முடிச்சு எதுவும் இல்லை; செதிலின் ஓரமும் மழுமழுவென்று இருக்கிறது. இரண்டு பூக்கள் இருந்தன. முகர்ந்து பார்த்தேன், அதேதான்.

தாழ்ந்த கிளை ஒன்றை மாமா வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்துப் பதியன் போட்டுவிட்டார். நான் பென்சில் பருமனில் நான்கு கணுக்கள் உள்ள ஆறு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது: இங்கே ஆறடிக்கு நிற்கும் அந்தக் காட்டுச்செடியைப் பிடுங்கிவிடலாமா?

பழைய பாத்தி (பெரியகுளம்):

ஏன் பிடுங்க வேண்டும்? பதினாறு மாதம் நீங்கள் ஊட்டி வளர்த்த வேர் அது. நான்கு தண்டுகளில் நல்லதாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு பிய்த்தெடுங்கள்; வெட்டினால் மறுபடியும் கிளம்பும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும், அந்தத் தண்டில் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், ஆங்கில ‘டி’ வடிவத்தில் பட்டையைக் கீறிக்கொள்ளுங்கள். அம்மாச்சி வீட்டுக் கிளையில் இலைக்கோணத்தில் உறங்கும் ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, அதற்குள் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி நாடாவால் கட்டுங்கள். மூன்று வாரத்தில் மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு மறக்காமல் நாடாவை அவிழ்த்துவிடுங்கள்; முதற்செடியில் அது அவிழ்க்கப்படவே இல்லை.

பதியனும் குச்சிகளும் வேர் பிடித்தால், அவற்றை ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, ஒன்றரையடிக் குழியில் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு நடுங்கள். ஆறு குச்சியில் இரண்டு பிழைத்தாலே நல்ல கைராசிதான். ஈரம் காக்க அவற்றின் மேல் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருந்தால், துளிர் பார்த்தவுடன் அதை எடுத்துவிடாதீர்கள். குச்சியில் மிச்சமிருந்த சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். வேர் அதற்குப் பிறகுதான் வரும்.