மெய்வல்லுநர் போட்டிப் படங்கள்: எதை வைக்கிறது, எதைக் கழிக்கிறது?

நல்லூர்வாசி
வணக்கம். பாடசாலை இல்லங்களுக்கு (மாணவர் அணியளுக்கு) இடையிலான மெய்வல்லுநர் போட்டிப் படங்கள் 1,800 அளவில கையில கிடக்கு. ஆண்டு மலருக்கு 40, முகநூல் பக்கத்துக்கு ஒரு 60 தெரிவு செய்யவேணும். கூர்மையா விழுந்ததுகளை மட்டும் பிரிச்செடுத்துப் பார்த்தால் அரைவாசியில பிள்ளையளின்ர முகம் கோணிப்போய் நிக்குது. ஓட்டம், பாய்தல், எறிதலில எந்தக் கணத்தைத் தேடவேணும்? பெண்பிள்ளையளின்ர படங்களில வேற என்ன பார்க்கவேணும்?

கமராப்பெட்டி
கூர்மையை முதல் வைச்சதுதான் சிக்கல். ஓட்டத்தில முகம் கோணுறது பாதம் நிலத்தில அடிக்கேக்க. அந்த அதிர்வில கன்னச் சதை கீழ இழுபடும், கண் சுருங்கும். இரண்டு காலும் நிலத்தை விட்டு, முன்முழங்கால் உயர்ந்து நிக்கிற படத்தைத் தேடுங்கோ. அடுத்த படத்திலயே அதே பிள்ளை வேற ஆள் மாதிரித் தெரியும். நொடிக்கு 10 படம் எடுக்கிற கமராவிலயும் ஓர் அடிக்கு இரண்டு, மூண்டு படம்தான் விழும். அதால கொஞ்சம் மங்கலெண்டாலும் அந்த ஒண்டைக் கழிக்காதேங்கோ.

100 மீற்றரில முதல் 20, 30 மீற்றருக்குத் தலை குனிஞ்சிருக்கும், உச்சந்தலைதான் தெரியும். 50க்கும் 80க்கும் இடையில தேடுங்கோ. முடிவுக்கோட்டில நெஞ்சைத் தள்ளுற படம் மலருக்கு ஒண்டு காணும். கோட்டைத் தாண்டின கையோட பக்கத்தில ஓடினவரைத் திரும்பிப் பார்க்கிற முகம் அதைவிட வடிவு.

குண்டு போடுதலில, குண்டு கழுத்தோட ஒட்டியிருக்கிற படத்தில கன்னம் நசிஞ்சு, வாய் ஒருபக்கம் போயிருக்கும். கை முழுசா நீண்டு, குண்டு விரலை விட்டு ஒரு முழம் போன படத்தை எடுங்கோ. குண்டும் படத்தின்ர சட்டத்துக்குள்ள இருக்கவேணும். ஈட்டியில மறுவளம்: எறியிற கணத்தில நாக்கு வெளியில வரும், அதுக்கு முந்தி, கை பின்னால முழுசா நீண்டு முன்கால் ஊண்டப்போற கணம்தான் நல்லது. நீளம் பாய்தலில நெஞ்சு நிமிர்ந்து அந்தரத்தில நிக்கிற படம். மணலில விழுறதை அப்பிடியே கழியுங்கோ. உயரம் பாய்தலில இடுப்பு தடிக்கு மேல, பக்கப்பாடா எடுத்தது. மெத்தைப் பக்கமிருந்து எடுத்ததில முகம் வடிவா வராது. அஞ்சலோட்டத்தில இரண்டு கையும் கோலில இருக்கிற படமெண்டால் யோசிக்கவே வேண்டாம்.

வலிகாமம் ரீச்சர்
பெண்பிள்ளைகளின் படங்களைப் பற்றி. தடைதாண்டலையும் நீளம் பாய்தலையும் நேர் முன்னாலிருந்து, தாழ்வாக எடுத்த படங்களை எவ்வளவு திறமாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். ஒரே மூச்சில் அடுத்தடுத்து எடுத்த அதே தொடரில் ஓரிரண்டு படம் தள்ளினால் கால் இறங்கியிருக்கும், உடை சரியாக இருக்கும். வலைப்பந்தில் பாவாடை எழும்பிய படங்களும் அப்படித்தான். வெட்டிச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள். வெட்டாத மூலப்படம் எப்படியும் ஒரு நாள் வெளியே போகும். ஈர ரீசேட் உடலோடு ஒட்டிய படங்கள் சின்னத் திரையில் தெரியாது, ஒருக்கால் பெருப்பித்துப் பாருங்கள்.

கடைசித் தெரிவைப் பெண் ஆசிரியை ஒருவரும், மூத்த மாணவிகள் இரண்டு பேரும் பார்க்கட்டும். பெரியவர்கள் “நல்ல படம்” என்கிறதைப் பிள்ளை ஒரு பார்வையில் “ஐயோ ரீச்சர், வேண்டாம்” என்றுவிடும். அந்தச் சொல்லே முடிவு. பெற்றோரின் சம்மதத்தையும் முதலே எடுத்துவிடுங்கள். முகநூலில் படத்தோடு முழுப்பெயரும் வகுப்பும் சேர்த்துப் போடவேண்டாம், இல்லத்தின் பெயர் போதும்.

அச்சுக்கூடம்
1,800ஐயும் ஒரே இருப்பில தெரிவு செய்யாதேங்கோ. முதல் சுற்றில கழிக்கிறது மட்டும்: கண் மூடினது, முதுகு, கை கால் வெட்டுப்பட்டது, தலைக்குப் பின்னால கொடிக்கம்பம் முளைச்சது. இரண்டாவதில ஒரு தொடருக்கு ஒரு படம். பிறகு பிள்ளை, நிகழ்ச்சி, இல்லம் எண்டு ஒரு அட்டவணை போடுங்கோ. போடாட்டி நல்லா ஓடுற நாலு பேரே மலர் முழுக்க நிப்பினம்.

மாசி மாதம் மத்தியானம் 2 மணி வெயிலில கண்குழி கறுத்துப்போகும். அதே பிள்ளை 4 மணிக்குப் பிறகு அஞ்சலோட்டத்தில ஓடியிருந்தால் அந்தப் படத்தை எடுங்கோ. வெளிர் மணல் நிலம் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும், புல்லில அந்த உதவி இல்லை. நிழலைக் கொஞ்சம் உயர்த்தலாம், ஆனால் தோலை வெளுப்பாக்காதேங்கோ. பிள்ளையின்ர நிறம் பிள்ளையின்ர நிறம்தான். சிவப்பு இல்ல ரீசேட்டில நிறம் மிஞ்சி மடிப்பெல்லாம் அழிஞ்சுபோகும், சிவப்பை மட்டும் குறையுங்கோ.

ஒரு முழு ஏ4 பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேணும். வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பினால் நீளப்பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கிப்போகும், அது அரைப்பக்கத்துக்கே இழுபறி. டொக்கியுமென்றா அனுப்புங்கோ. வெட்டேக்க முழங்கால், கணுக்கால், மணிக்கட்டில வெட்டாதேங்கோ. ஓடுற திசையில இடம் விடுங்கோ.

நல்லூர்வாசி
நன்றி. ஒரு பிள்ளைக்கு ஒரேயொரு படம்தான், அதுவும் முகம் சரியில்லையெண்டால்?

கமராப்பெட்டி
ஓடுற படம்தான் வேணுமெண்டில்லை. சப்பாத்து நாடா கட்டுறது, தொடக்கக் கோட்டில காத்து நிக்கிறது, இல்லக் கூடாரத்தில கத்துறது எண்டு ஏதாவது பின்னணியில விழுந்திருக்கும். மற்றப் பிள்ளையளின்ர படங்களின்ர ஓரங்களையும் ஒருக்கால் பெருப்பித்துப் பாருங்கோ.