யூராலஜி பிஜிக்களுக்கு ரிசர்ச் எப்படித்தான் கத்துக்குடுக்கிறது?

கேள்வி – யூரோ_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். எங்க யூராலஜி (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை சர்ஜரி) டிபார்ட்மென்ட்ல பிஜிக்களோட, அதாவது மேல்படிப்பு படிக்கிற டாக்டர்களோட, ரிசர்ச் ட்ரெய்னிங் பொறுப்பு இந்த வருஷம் என்கிட்ட வந்திருக்கு. முன்னாடி இருந்தவங்க மாதிரியே நானும் கிளாஸ் எடுத்தேன், பி வேல்யூ, கை ஸ்கொயர், ஸ்டடி டிசைன் எல்லாம், பசங்களும் வந்து உக்காந்து நோட்ஸ் எடுத்தாங்க. ஆனா தீசிஸ் நேரம் வந்ததும் "சார் ஒரு டாபிக் குடுங்க"ன்னு வந்து நிக்கிறாங்க. அப்பதான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

போன வாரம் ஒரு பையன் எக்ஸெல் ஷீட்டோட வந்தான். யூரெட்டரோஸ்கோபில (சிறுநீர்க்குழாய்க்குள்ள ஸ்கோப் விட்டு கல்லு எடுக்கிறது) ஒரு சின்ன மாற்றம், 30 கேஸ், பெரிய காம்ப்ளிகேஷன் ஒண்ணு கூட இல்ல, அதனால இது சேஃப்னு முடிவே எழுதிட்டான். ஷீட்டை திறந்து பாத்தா ஃபாலோ அப் விவரம் எழுதுற கட்டங்கள் பாதிக்கு மேல காலி. ஏன்டான்னு கேட்டா "திரும்பி வரல சார், அப்ப நல்லாதான இருப்பாங்க"ங்கிறான். நல்ல பையன், கை சுத்தம், ராத்திரி பகல் பாக்காம உழைக்கிறவன், அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், நாங்க சொல்லிக்குடுத்த லட்சணம் அது. காலைல ரவுண்ட்ஸ், அப்புறம் ஆபரேஷன் தியேட்டர், அப்புறம் ஓபின்னு ஓடுற பசங்களுக்கு இதை எங்க இருந்து ஆரம்பிக்கணும்? தனியா ஒரு வருஷம் ரிசர்ச்சுக்குன்னே ஒதுக்கினாதான் நடக்குமா?

பதில் – சீனியர்_சர்ஜன்

டாக்டர், கிளாஸை கொஞ்ச நாள் நிறுத்திவைங்க. நான் பண்ணதை சொல்றேன்.

கிட்னி கல்லு எடுத்த பேஷன்ட்டோட ஸ்கேன் படங்களை நாலு பிஜிக்கு குடுத்து, ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்காம, ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா "கல்லு சுத்தமா போச்சா இல்லையா"ன்னு மட்டும் எழுத சொன்னேன். இவ்ளோதானான்னு நினைச்சாங்க. எழுதி முடிச்சு சேத்து வச்சு பாத்தா ஒருத்தரோடது ஒருத்தரோடதோட ஒத்து வரல. ஒருத்தன் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, அதனால போச்சுங்கிறான். இன்னொருத்தி அதே பேஷன்ட் சிடி ஸ்கேன்ல கீழ் கேலிக்ஸ்ல (கிட்னிக்குள்ள சிறுநீர் சேர்ற கிண்ணம்) 3 மி.மீ. துண்டு ஒண்ணை காட்டி இது என்னன்னு கேக்குறா. மூணாமவன் 4 மி.மீ.க்கு கீழ இருந்தா கணக்குல எடுக்க வேண்டாம்னு படிச்சிருக்கேன்னு சண்டைக்கு வர்றான். சாயங்காலம் ரொம்ப நேரம் அந்த ரூம்ல ஒரே சத்தம். கடைசில அவங்களே போர்டுல எழுதினாங்க: எந்த ஸ்கேன், ஆபரேஷன் முடிஞ்சு எத்தனாவது வாரம், எத்தனை மி.மீ. வரைக்கும், யார் படிக்கிறது. அவுட்கம் டெஃபனிஷன்னு நான் வருஷக்கணக்கா சொன்னது அன்னைக்குதான் அவங்களுக்கு உள்ள இறங்குச்சு. ஒரே டெக்னிக்குக்கு ஒரு பேப்பர்ல சக்ஸஸ் கம்மியாவும் இன்னொண்ணுல ஜாஸ்தியாவும் ஏன் இருக்குன்னு அதுக்கப்புறம் அவங்களாவே தேடி படிச்சாங்க.

டாபிக் நீங்க குடுக்காதீங்க. "இந்த வாரம் வார்டுல எதுல உனக்கும் சீனியருக்கும் ஒத்துப்போகல"ன்னு கேளுங்க. ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள்ள வைக்கிற சின்ன குழாய்) வைக்கணுமா வேண்டாமா, எத்தனை நாள்ல எடுக்கணும், காய்ச்சல் வந்தவருக்கு எப்ப மறுபடி ஆபரேஷன், அந்த கருத்து வேறுபாட்டுலதான் கேள்வியே இருக்கு.

பதில் – எண்_பாக்குறவ

நான் சர்ஜன் இல்ல, பயோஸ்டாட்டிஸ்டீஷியன். அந்த 30 கேஸ் தம்பிக்கு ஒரு சின்ன கணக்கு சொல்லுங்க. ஒரு காம்ப்ளிகேஷனும் இல்லன்னா, 3-ஐ மொத்த எண்ணிக்கையால வகுத்தா வர்றதுதான் உண்மையான ரேட்டுக்கு தோராயமான 95 சதவீத மேல் எல்லை. 30 பேருன்னா 3/30, அதாவது 10 சதவீதம். பத்துல ஒருத்தருக்கு செப்சிஸ் (ரத்தத்துல பரவுற கடுமையான இன்ஃபெக்ஷன்) வர்ற டெக்னிக்கா இருந்தாலும் 30 கேஸ்ல அது கண்ணுல படாமலே போயிருக்கலாம். அதுவும் 30 பேரையும் முழுசா ஃபாலோ பண்ணிருந்தாதான் இந்த கணக்கே. பாதி பேரு வரலன்னா கீழ 15 போட்டு பாக்க சொல்லுங்க, 20 சதவீதம் வரும்.

அடுத்தது, காம்ப்ளிகேஷன் 20-ல இருந்து 10 சதவீதமா குறையுதான்னு ரெண்டு குரூப் வச்சு பாக்கணும்னா, வழக்கமான 80 சதவீத பவருக்கு (வித்தியாசம் நிஜமா இருந்தா அதை கண்டுபிடிக்கிற வாய்ப்பு) ஒரு குரூப்புக்கு கிட்டத்தட்ட 200 பேர் வேணும். ஒரு பிஜி, ஒரு டிபார்ட்மென்ட், தீசிஸுக்கு இருக்கிற கொஞ்ச காலம், இதுல அது முடியாதுங்கிறது அவன் தப்பில்ல. ஆனா ஷீட் நிறைஞ்சதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து "மேடம் ஏதாவது சிக்னிஃபிகன்ட்டா (தற்செயல்னு தள்ள முடியாத வித்தியாசமா) வருதா பாருங்க"ன்னு கேக்குறது எனக்கு உண்மையிலேயே வலிக்குது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வாங்க, அது போதும். புது டெக்னிக்ல முதல் பத்து கேஸும் கடைசி பத்து கேஸும் ஒரே கை இல்லங்கிறதையும் யார் பண்ணாங்கங்கிறதையும் ஷீட்ல தனி கட்டத்துல பதிஞ்சு வைங்க. மருந்து ட்ரையல் பண்றவங்களுக்கு இந்த தலைவலி இல்ல, நமக்கு இருக்கு.

பதில் – முன்னாள்_பிஜி

தனியாளா பண்ணாதீங்க, கூட்டா பண்ணுங்க. பிரிட்டன்ல ட்ரெய்னிங்ல இருக்கிற யூராலஜி டாக்டர்கள் பர்ஸ்ட்னு ஒரு குரூப் வச்சிருக்காங்க. மிமிக்னு ஒரு ஸ்டடி, 71 ஹாஸ்பிடல்ல 4,170 யூரெட்டரிக் காலிக் (சிறுநீர்க்குழாய் கல்லு வலி) பேஷன்ட் டேட்டா சேத்தாங்க, 2019-ல வந்துச்சு. வெள்ளை அணு எண்ணிக்கையை வச்சு கல்லு தானா வெளிய போகுமான்னு சொல்ல முடியாதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஜெனரல் சர்ஜரிலயும் ராசினின்னு ஒரு ட்ரையல், 760 பேஷன்ட், அதுவும் ட்ரெய்னிகள் முன்னெடுத்ததுதான், 2013-ல பிஎம்ஜேங்கிற மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. வயிறு ஆபரேஷன்ல காயத்தோட ஓரத்தை பாதுகாக்கிற வளையம் இன்ஃபெக்ஷனை குறைக்கலன்னு ரிசல்ட். பிஜி ஹாஸ்பிடல் மாறி போனாலும் ஸ்டடி நிக்காது, ஒருத்தர் விட்டதை அடுத்தவர் எடுத்துக்குவார். ஒவ்வொருத்தருக்கும் வாரத்துக்கு கொஞ்ச நேரம்தான் தேவைப்படும், அதனால உங்க கேள்விக்கு பதில், ஒரு வருஷம் ஒதுக்க முடிஞ்சா நல்லது, முடியலன்னா இந்த வழி.

திரும்பி வராதவங்களை பத்தி ஒண்ணு. நான் பிஜியா இருந்தப்ப எங்க ஸ்டடில போன் பண்ணி கேக்குற வேலை எனக்கு. கேஸ் ஷீட்ல "நோ காம்ப்ளிகேஷன்"னு என் கையெழுத்துலயே இருக்கு. போன் எடுத்த அம்மா சொன்னாங்க, "வீட்டுக்கு வந்த அஞ்சாம் நாள் குளிர் காய்ச்சல் தம்பி, பக்கத்துலயே வேற ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, ஆறு நாள் இருந்தேன், உங்ககிட்ட சொல்ல தோணல." போனை வச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அன்னைக்கு அந்த ஷீட்டை அடிச்சு திருத்தினப்பதான் டேட்டான்னா என்னன்னு எனக்கு புரிஞ்சுது.

பதில் – ட்ரையல்_நர்ஸ்

கன்சென்ட் (பேஷன்ட்டோட சம்மதம்) வாங்குறதையும் ட்ரெய்னிங்ல சேருங்க சார். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வச்சு கையெழுத்து வாங்கிட்டு அதை கன்சென்ட்னு சொல்றாங்க. புராஸ்டேட் கேன்சர்ல ப்ரொடெக்ட் ட்ரையல் இருக்கில்ல, அதுல டாக்டர்கள் பேஷன்ட்கிட்ட பேசுறதை ரெக்கார்ட் பண்ணி கேட்டாங்க. "காத்திருந்து பாப்போம்"னு சொன்னதை பேஷன்ட்கள் "ஒண்ணும் பண்ணாம விட்டுடுவாங்க"ன்னு புரிஞ்சுகிட்டிருக்காங்க. பேரை ஆக்டிவ் மானிட்டரிங்னு மாத்தி, ஆபரேஷன், ரேடியேஷன், மானிட்டரிங்னு மூணு வழியும் சமமா தெரியுற மாதிரி விளக்கினதும், ராண்டமைசேஷனுக்கு (எந்த சிகிச்சைன்னு குலுக்கல் மாதிரி முடிவு பண்றது) ஒத்துக்கிட்டவங்க 40-ல இருந்து 70 சதவீதம் ஆனாங்க. நம்ம பிஜிக்கள் "புது மெத்தடா, பழைய மெத்தடா"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, அப்படி கேட்டா யார் பழசை கேப்பாங்க? ஒருத்தர் பேஷன்ட்டா உக்காந்து ஒருத்தர் டாக்டரா பேசி அதை ரெக்கார்ட் பண்ணி எல்லாருமா கேளுங்க.

பதில் – தனியார்_யூராலஜிஸ்ட்

எனக்கு கொஞ்சம் மாற்றுக்கருத்து. எல்லாரும் ரிசர்ச் பண்ணித்தான் ஆகணும்னு கட்டாயப்படுத்துறதாலதான் அரைகுறை பேப்பர் குவியுது. எல்லாருக்கும் படிக்க தெரியணும், பண்றது விருப்பம் இருக்கிறவங்க பண்ணட்டும். ஜர்னல் கிளப்ல (பேப்பர் படிச்சு விவாதிக்கிற கூட்டம்) டாம்சுலோசின்ங்கிற மாத்திரையோட கதையை எடுங்க. சின்ன சின்ன ட்ரையல்களை சேத்த மெட்டா அனாலிசிஸ் எல்லாம் கல்லை தள்ளி விடும்னு சொல்லுச்சு. 2015-ல சஸ்பென்ட் ட்ரையல் ஆயிரம் பேருக்கு மேல வச்சு பாத்தா நாலு வாரத்துல வேற சிகிச்சை தேவைப்படாதவங்க பிளாசிபோல (மருந்தில்லாத போலி மாத்திரை) 80, டாம்சுலோசின்ல 81 சதவீதம். உடனே மறுப்பும் வந்துச்சு, அதுல பெரும்பாலும் சின்ன கல்லு, தானா போற கல்லு, கல்லு போச்சான்னு ஸ்கேன் எடுத்து பாக்கலன்னு. பிஜிக்களை ரெண்டு கட்சியா பிரிச்சு வாதாட விடுங்க, அடுத்த வாரம் கட்சி மாத்தி விடுங்க.

யூரோ_வாத்தியார்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த தம்பிகிட்ட 3/30 கணக்கை போட்டு காட்டினேன், பேசாம ரொம்ப நேரம் ஷீட்டையே பாத்துட்டிருந்தான், அப்புறம் அவனாவே "போன் பண்ணவா சார்"னு கேட்டான். எத்திக்ஸ் கமிட்டிகிட்ட அனுமதி வாங்கிட்டு பண்ணலாம்னு சொல்லி லெட்டர் ரெடி பண்ணிட்டோம். வெள்ளிக்கிழமை சிடி படங்களை வச்சு அந்த சண்டையையும் நடத்த போறேன். ஒரு சந்தேகம், ஸ்டடில சிடியை யாரை படிக்க சொல்றது? ஆபரேஷன் பண்ணவங்களுக்குதான் அந்த கிட்னி நல்லா தெரியும்.

சீனியர்_சர்ஜன்

அதனாலதான் அவங்க படிக்கக்கூடாது டாக்டர். அந்த ஆபரேஷன்ல இல்லாத ரெண்டு பேர், தனித்தனியா, எந்த டெக்னிக்னு தெரியாம படிக்கட்டும். ஒத்துவரலன்னா மூணாவது ஆளா ரேடியாலஜிஸ்ட்கிட்ட போங்க, எத்தனை படத்துல ஒத்துவரலங்கிறதையும் எழுதி வைங்க.